தூய ஊற்று நாளுக்கு வந்த லாரி

மாவட்டச் சிறுவர் சூழலியல் வளர்ப்புத் துறைக்கு இயற்கையின் மேல் அளவு கடந்த பிரியம். நகரத்து நடுவில் நாலு மாடிக் கட்டடம், ஜன்னலுக்கெல்லாம் கெட்டித் திரை, மேசைக்கு மேசை பிளாஸ்டிக் பூச்செடி. உள்ளே இருந்தவர்கள் காலை முதல் மாலை வரை மலைகளைப் பற்றியும் ஆறுகளைப் பற்றியும் குழந்தைகளைப் பற்றியும் விடாமல் கவலைப்பட்டார்கள். அந்தக் கவலைக்கு நடுவில் எந்த மலையையும் குழந்தையையும் நேரில் போய்ப் பார்க்க அவர்களுக்குப் பாவம் நேரமே கிடைக்கவில்லை.

தெரெங்-புலாக் என்ற கிர்கிஸ் மலைக்கிராமத்துப் பள்ளிக்கூடத்தின் உயிரியல் ஆசிரியை துர்சுனாய்க்கு இந்தத் துறையோடு ஒரு பகையும் கிடையாது. அவள் கேட்டது ஒரு லாரி. அதுவும் ஒரே ஒரு நடைக்கு.

ஊருக்கே பெயர் கொடுத்த ஊற்று பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிறது. பிள்ளைகள் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். ஊற்றுக்கு மேலே ஒரு பள்ளம். முன்பெல்லாம் ஊர்க்காரர்கள் அடுப்புச் சாம்பலை அங்கே கொட்டினார்கள். பிறகு பாட்டில், பை, டயப்பர், செத்த கோழி என்று கைக்கு வந்ததையெல்லாம் கொட்டினார்கள். வசந்தத்தில் பனி உருகும்போது அந்தப் பள்ளத்தைக் கழுவிக்கொண்டு தண்ணீர் கீழே இறங்கும். போன வசந்தத்தில் பாதி வகுப்புக்கு மஞ்சள் காமாலை. ஏழாம் வகுப்பு பெகயிமின் தம்பி பிழைத்ததே பெரிய பாடாகிவிட்டது. இன்னும் அவன் கண்ணில் பழைய வெண்மை வரவில்லை.

அதற்குப் பிறகு துர்சுனாய் பாடம் நடத்திய விதம் மாறிப்போனது. இலையுதிர் காலம் முழுவதும் பிள்ளைகளுக்குக் கையுறை மாட்டிவிட்டுப் பள்ளத்துக்குள் இறங்கினாள். தோண்டி, பொறுக்கி, பழைய மாவு மூட்டைகளில் கட்டி, ஓரமாக அடுக்கியாயிற்று. இனி அடுத்த பனி உருகுவதற்குள் மூட்டைகள் கணவாயைத் தாண்டி நகரத்துக் குப்பைக்கிடங்குக்குப் போக வேண்டும். இல்லையென்றால் நாய்கள் கிழித்துவிடும், தண்ணீர் இழுத்துவிடும், மறுபடி ஆஸ்பத்திரி. ஊராட்சியின் லாரிக்குச் சக்கரம் இல்லை. சக்கரம் இருந்த காலத்தில் டீசல் இல்லை. கடைசியில் அவள் துறைக்குப் போன் போட்டாள்.

எடுத்தது மூத்த வழிகாட்டி அலுவலர் வேனேரா இசாகோவ்னா.

"லாரியா? துர்சுனாய் கண்ணு, நாங்க குழந்தைங்க மனசைச் சுத்தம் பண்றவங்க. குப்பை வேற துறை."

"எந்தத் துறைங்க?"

"அது எங்களுக்குத் தெரியாது. எங்க துறை இல்லன்னு மட்டும் நல்லாத் தெரியும்."

"பசங்களுக்குக் காமாலை வருதுங்க."

"ஐயோ பாவம். அதுக்குத்தான் விழிப்புணர்வு வேணுங்கிறது. அனுப்பி வைக்கிறேன்."

விழிப்புணர்வு பத்து நாளில் வந்து சேர்ந்தது. சுருட்டி அனுப்பிய பெரிய படம். பிரித்தால் திமிங்கிலம். 'கடலைக் காப்போம், கண்மணிகளே!' என்று மேலே எழுதியிருந்தது. சுற்றிலும் மூன்று பக்கம் மலை, நாலாவது பக்கமும் மலை. தெரெங்-புலாக்கில் கடலைக் கண்ணால் பார்த்தவர் யாரும் கிடையாது. படத்தை வகுப்பில் எந்தச் சுவரில், எவ்வளவு உயரத்தில் மாட்ட வேண்டும் என்று தனியாக ஒரு உத்தரவு. மாட்டி, புகைப்படம் எடுத்து அனுப்பவும் ஒரு உத்தரவு.

"எஜெகே, இந்த மீனு நம்ம ஊத்துல தண்ணி குடிக்குமா?" என்று கேட்டாள் பெகயிம். ஆசிரியையை அக்கா என்று கூப்பிடுவதுதான் அங்கே வழக்கம். அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே வாயை அடைக்கும் கேள்வி கேட்பது பெகயிமின் வழக்கம்.

"குடிக்காது."

"குடிச்சா அதுக்கும் காமாலை வரும்ல? அப்ப லாரி அனுப்புவாங்களா?"

துர்சுனாய் அந்தக் கேள்வியோடு வெளியே போனாள். மறுபடி போன் போட்டாள். இந்தத் தடவை துறை மனம் இளகி, குப்பையிலிருந்து உடை தைத்து அணிவகுக்கும் போட்டியில் அவள் பள்ளியையும் சேர்த்துக்கொண்டது. பிள்ளைகள் மகிழ்ச்சியாகப் பள்ளத்து மூட்டை ஒன்றைப் பிரித்து, கழுவி, காயவைத்து, உரச்சாக்கில் பாவாடையும் மாத்திரை அட்டையில் கழுத்து மாலையும் செய்தார்கள். புகைப்படத்தைப் பார்த்ததும் வேனேரா இசாகோவ்னா போனிலேயே மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன கண்ணு இது, நிஜக் குப்பை மாதிரி இருக்கு?"

"நிஜக் குப்பைதாங்க."

"பளபளன்னு இருக்க வேணாமா? போன வருசம் ஜெயிச்ச பொண்ணு வெள்ளிக் கலர் பிளாஸ்டிக் தட்டுல கவுன் போட்டு வந்தா, கண்ணு கூசுச்சு. நல்ல குப்பையா வாங்குங்க."

நல்ல குப்பை வாங்கினார்கள். சந்தைக்குப் போய்ப் புத்தம்புதுப் பிளாஸ்டிக் தட்டு, கோப்பை, உறிஞ்சுகுழல், ஜிகினாத் தாள் எல்லாம் பெற்றோர் காசில் வாங்கி, வெட்டி, ஒட்டி, போட்டியில் மூன்றாம் பரிசும் வாங்கினார்கள். பரிசு இன்னொரு திமிங்கிலப் படம். போட்டி முடிந்ததும் அந்தக் கவுன்கள் எல்லாம் எங்கே போயின என்று கேட்க வேண்டாம். பள்ளத்து ஓரத்தில் மூட்டைகள் கூடியிருந்தன, அவ்வளவுதான்.

மார்ச் பிறந்தது. கூரை விளிம்பில் பனி சொட்டத் தொடங்கியது. துர்சுனாய் ஒவ்வொரு சொட்டாக எண்ணிக்கொண்டிருந்தாள். வெட்கத்தை விட்டு மூன்றாம் முறை போன் போட்டாள். அவள் பேசுவதற்குள் வேனேரா இசாகோவ்னாவே துள்ளிக் குதித்தாள்.

"துர்சுனாய், உனக்கு அதிர்ஷ்டம்டி! தூய ஊற்று நாளை உங்க ஊர்லயே கொண்டாடப் போறோம். நம்ம துறைத் தலைவர் செரிக்பாயெவே வர்றாரு, டிவிக்காரங்களோட. லாரியும் வருது!"

"லாரி வருதா?"

"சொல்றேன்ல, வருதுன்னு."

துர்சுனாய் போனை வைத்துவிட்டு மேசையில் தலை சாய்த்து அழுதாள். பிறகு எழுந்து போய் வகுப்பில் சொன்னாள். பிள்ளைகள் கூரை அதிரக் கத்தினார்கள்.

விழாவுக்கு முன்தினம் வேனேரா இசாகோவ்னா ஒத்திகை பார்க்க வந்தாள். முதலில் சுண்ணாம்பு. பெரிய மனிதர் வருகிறார் என்றால் மரத்துக்கு இடுப்பளவு சுண்ணாம்பு அடிப்பது இந்தப் பக்கத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். பாப்ளர் மரங்களுக்கு அடித்தார்கள். வாய்க்கால் கல்லுக்கு அடித்தார்கள். வேலிக்கு அடித்தார்கள். வேலியோரம் அசையாமல் படுத்திருந்த நாய்க்கு வாலில் கொஞ்சம் பட்டது. தலைமை ஆசிரியர் அப்தில்தா, அடுத்த ஆண்டு ஓய்வு பெறப் போகிறவர், வாளியைத் தூக்கிக்கொண்டு வேனேராவின் பின்னாலேயே ஓடினார். அவள் பள்ளத்து ஓரம் போய் அப்படியே நின்றுவிட்டாள்.

"இது என்ன அசிங்கம்?"

"இதுக்குத்தாங்க லாரி," என்றாள் துர்சுனாய்.

"தூய ஊற்று நாள்ல தலைவர் கண்ணுல குப்பை படலாமா?"

"லாரி எடுத்துட்டுப் போயிடும்ல?"

வேனேரா அவளைப் பரிதாபமாகப் பார்த்தாள். "எடுத்துட்டுப் போறதுக்கு யாரு கண்ணு லாரி அனுப்புவா? கொண்டு வர்றதுக்குத்தான். நாளைக்குத் தலைவரும் பசங்களும் சேர்ந்து குப்பை பொறுக்கணும், அதை டிவில காட்டணும். உங்க குப்பையை அவர் கையால தொட முடியுமா? அதான் நகரத்துல இருந்து சுத்தமான குப்பையா ஏத்தி அனுப்புறோம். பாட்டில் எல்லாம் கழுவித் துடைச்சது."

"அது அப்புறம் எங்க போகும்?"

"அப்புறம்னா?"

"பொறுக்கினதுக்கு அப்புறம்."

"விழா முடிஞ்சிடுமே," என்றாள் வேனேரா. அதற்கு மேல் ஒரு நேரம் உண்டு என்பதே அவளுக்குத் தோன்றவில்லை. அப்தில்தாவின் பக்கம் திரும்பி, மூட்டைகளுக்கும் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னாள். தூரத்திலிருந்து பார்த்தால் பனிப் பாறை மாதிரித் தெரியுமாம்.

"நான் அடிக்க மாட்டேன்," என்றாள் துர்சுனாய்.

"உன் தர உயர்வு ஃபைல் என் மேசைலதான் இருக்கு, ஞாபகம் வச்சுக்க."

மூட்டைகளுக்கு அப்தில்தாவே சுண்ணாம்பு அடித்தார். பாதியில் தன் மூக்குக் கண்ணாடிக்கும் அடித்துக்கொண்டார். அவரைப் பார்க்க துர்சுனாய்க்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. தன் மேல்தான் கோபம் வந்தது. இவ்வளவு நாள் கெஞ்சினோமே என்று இருந்தது.

மறுநாள் லாரி வந்தது. முற்றத்தில் நின்று, பின்பக்கத்தைத் தூக்கி, பள்ளிக்கும் ஊற்றுக்கும் நடுவில் சரசரவென்று கொட்டியது. நீலப் பாட்டில், பச்சைப் பாட்டில், மடிப்புக் கலையாத அட்டைப் பெட்டி, எல்லாம் அழகாக. ஓட்டுநர் ஜங்காஸி கீழே இறங்கி அதைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "நான் இருபது வருசமா குப்பை வண்டி ஓட்டுறேன் எஜெகே. தப்பான பக்கம் ஓட்டுறது இதுதான் மொத தடவை."

பின்னாலேயே வெள்ளைக் காரில் தலைவர் செரிக்பாயெவ். மனிதருக்கு வெள்ளைத் தொப்பி, வெள்ளைக் கையுறை. மூன்று பாட்டில் பொறுக்கினார். மூன்றாவதைக் கேமராவுக்காக மறுபடி கீழே போட்டு மறுபடி பொறுக்கினார். பிறகு மேடை ஏறினார்.

"கண்மணிகளே! நான் உங்கள் வயதில் ஊற்றுத் தண்ணீர்தான் குடித்தேன். இன்று பாட்டில் தண்ணீர் மட்டுமே குடிக்கிறேன். ஏன்? ஊற்றைத் தொந்தரவு செய்ய எனக்கு மனம் வரவில்லை! குப்பை எங்கிருந்து வருகிறது? மனதிலிருந்து வருகிறது. லாரியில் வருவது வெறும் பொருள். நம் துறை இந்த ஆண்டு இயற்கைக்காக எத்தனை கூட்டம் நடத்தியது தெரியுமா? நாற்காலி போதாமல் காட்டிலிருந்து மரம் வரவழைத்து நாற்காலி செய்தோம். அந்த அளவுக்கு ஆர்வம்! சில பள்ளிகள் எங்களிடம் லாரி கேட்கின்றன. வருத்தமாக இருக்கிறது. நாங்கள் கற்றுக்கொடுக்கிறோம், எல்லாவற்றையும் நாங்களே செய்துவிட்டால் குழந்தைகள் எப்போதுதான் வளர்வார்கள்?"

வேனேரா கை தட்டினாள். ஊர்ப் பெரியவர்கள் தாடியைத் தடவினார்கள். பெகயிம் தம்பியின் தோளில் கை போட்டுக்கொண்டு தலைவரை இமைக்காமல் பார்த்தாள். அந்தப் பார்வையைத் துர்சுனாய் கவனித்தாள்.

பிறகு விருந்து. ஊர் ஒரு கிடா வெட்டியிருந்தது. தலைவருக்கு மரியாதையாகக் கிடாத் தலையை வைத்தார்கள். அவர் அதன் காதை அறுத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்தார், கன்னத்தைத் தானே சாப்பிட்டார். கொழுப்பு வழிய வழியச் சாப்பிட்டு, கை துடைத்து, ஆசி சொல்லி எல்லாரும் எழுந்தார்கள்.

கிர்கிஸ் வீட்டில் விருந்தாளி வெறுங்கையோடு எழுந்து போக முடியாது. அவர் பங்கு இறைச்சி, ரொட்டி, இனிப்பு எல்லாவற்றையும் பையில் கட்டிக் கொடுப்பார்கள். கெஷிக் என்று பெயர். வேண்டாம் என்பவன் அந்த வீட்டையே அவமதிக்கிறான். வாசலில் வைத்துப் பிரித்துப் பார்ப்பவன் அவனைவிடக் கேவலம். வீட்டிலிருந்து வர முடியாதவர்களுக்கும் கணக்குப் பார்த்துக் கட்டுவதுதான் முறை. தலைவர் எப்போதும்போலக் கையை லேசாக நீட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

நீட்டிய கையில் பெகயிம் ஒரு மூட்டையை வைத்தாள். சுண்ணாம்பு அடித்த மூட்டை. கனம் தாங்காமல் அவர் தோள் ஒரு பக்கம் இறங்கியது.

"என்னம்மா இது?"

"கெஷிக், பைகே," என்றாள் அவள், அண்ணனுக்குரிய மரியாதையோடு. "எங்க ஊத்தோட பங்கு."

மூட்டையின் அடியிலிருந்து ஏதோ சொட்டியது. நாற்றம் எல்லார் மூக்குக்கும் போனது. கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அப்தில்தா வேர்த்து விறுவிறுத்துத் துர்சுனாயைப் பார்த்து, "தடு, தடு" என்று கண்ணால் கெஞ்சினார். வேனேரா அவள் காதருகில் வந்து, "இப்பவே நிறுத்தலைன்னா நீ நாளைக்கு டீச்சர் இல்ல," என்றாள்.

துர்சுனாய் ஒரு கணம் நின்றாள். பிறகு நேராகப் பள்ளத்து ஓரம் நடந்தாள். ஒரு மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தாள். புது மேல்சட்டை முழுக்கச் சுண்ணாம்பு. மூட்டையை வேனேராவின் முன்னால் இறக்கினாள்.

"வேனேரா இசாகோவ்னா, உங்க கெஷிக். எங்க ஊருக்கு வந்துட்டு வெறுங்கையோட போகலாமா?"

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். ஊர்ப் பெரியவர்களில் மூத்தவர் தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார். "வாங்கிக்க தம்பி," என்றார் தலைவரிடம். "பசங்க ஆசையாக் குடுக்குறாங்க. இதே ஊத்துத் தண்ணிலதான் உனக்கு இப்ப டீ போட்டோம்."

தலைவரின் முகம் அவர் கையுறை நிறத்துக்கு வந்தது. ஆனாலும் கேமரா இருந்தது, பெரியவர் இருந்தார். மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, "நன்றி," என்றார்.

"வீட்ல எத்தனை பேரு பைகே?" என்று கேட்டாள் பெகயிம்.

எத்தனையோ வாசலில் எத்தனையோ முறை கேட்ட கேள்வி. வாய் தானாகச் சொல்லிவிட்டது. "மூணு பசங்க. அம்மா கூடவே இருக்காங்க."

"டேய், மூணு பசங்களுக்கு! பாட்டிக்குப் பெருசா ஒண்ணு!"

பிள்ளைகள் ஓடினார்கள். மூட்டைகள் வரிசையாக வந்தன. வேனேரா பதறிப்போய், "நான் தனியாத்தான் இருக்கேன், எனக்கு யாருமே இல்ல," என்றாள்.

"ஐயோ, தனியாவா இருக்கீங்க? அப்ப அக்கம்பக்கத்துக்கும் சேத்துக் குடுப்போம். ஆபீஸ்ல வர முடியாதவங்க எத்தனை பேரு? நாலு மாடிதானே?" என்றாள் பெகயிம்.

கார்ச் சாரதி பின்கதவைத் திறந்தான். உள்ளே வெள்ளைத் தோல் இருக்கை. தலைவர் அதைப் பார்த்தார், மூட்டையைப் பார்த்தார், கத்தினார்: "கார்ல வைக்காதே! என் கெஷிக்கை லாரில வை!"

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் ஊர் காத்திருந்தது. ஜங்காஸி லாரியின் பின்கதவைப் படீரென்று இறக்கினான். பெற்றோர்கள் கை கொடுத்தார்கள். பள்ளத்து மூட்டைகள் ஏறின. ஜிகினாக் கவுன்கள் ஏறின. காலையில் கொட்டிய கழுவித் துடைத்த பாட்டில்களும் ஏறின. அப்தில்தா கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நின்றார். திடீரென்று, "விருந்தாளிக்குக் குடுக்குறதை ஓட்டைப் பையிலயா குடுப்பீங்க? ரெட்டை மூட்டை போடுங்கடா, மானம் போகுது!" என்று அதட்டிவிட்டுத் தானும் சட்டைக் கையைச் சுருட்டினார்.

லாரி நிறைந்து, ஆடி அசைந்து, வெள்ளைக் காரின் பின்னாலேயே கிளம்பியது.

கணவாய் வளைவில் வேனேரா ஜங்காஸிக்குப் போன் போட்டு மூட்டைகளைப் பள்ளத்தாக்கில் கவிழ்த்துவிடச் சொன்னாளாம். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. "கெஷிக்கை வழியில கொட்டுறதா? எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா வீட்டுக்குள்ள விட மாட்டா," என்று சொல்லிவிட்டு, குப்பைக்கிடங்கைத் தாண்டி நகரத்து நடுவுக்கே போய், சிறுவர் சூழலியல் வளர்ப்புத் துறையின் முற்றத்தில் ஒரு மூட்டைகூடக் கிழியாமல் அடுக்கினான். உரியவர்களுக்கு உரியது சேர்ந்தாக வேண்டும் என்பதில் அவன் கண்டிப்பானவன்.

இரண்டு நாள் கழித்து ஆறாம் வகுப்புப் பாட வேளையில் போன் அடித்தது. துர்சுனாய் வகுப்பிலேயே எடுத்தாள். எதிர்முனையில் வேனேரா இசாகோவ்னா கொதித்துக்கொண்டிருந்தாள்.

"உன் தர உயர்வை மறந்துடு! தலைவருக்குக் குமட்டல் நிக்கல. கட்டடம் முழுக்க நாத்தம். ஜன்னலைத் திறக்க வேண்டியதாப் போச்சு, தெரியுமா?"

"இப்ப எப்படிங்க இருக்கு?"

"இப்பப் பரவால்ல. காலைல சொன்னோம், மத்தியானத்துக்குள்ள லாரி வந்து அள்ளிட்டுப் போயிடுச்சு."

துர்சுனாய் போனைக் காதில் வைத்துக்கொண்டே வகுப்பைப் பார்த்தாள். பிள்ளைகள் எல்லாரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெகயிமின் தம்பியின் இடம் காலியாக இருந்தது. ரத்தப் பரிசோதனைக்கு அவனை மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தார்கள்.

"காலைல சொன்னா மத்தியானம் வருதா?" என்று மெதுவாகக் கேட்டாள் துர்சுனாய்.

எதிர்முனையில் ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"வேனேரா இசாகோவ்னா, என் தர உயர்வை நீங்களே வச்சுக்கங்க. இங்க ஊர் இன்னும் குப்பை போடுறதை நிறுத்தல. பசங்க இன்னும் மூட்டை கட்டுறதை நிறுத்தல. உங்களுக்கு அடுத்த கெஷிக் எப்ப அனுப்பணும், அதை மட்டும் சொல்லுங்க. கழுதை வண்டிலயாவது நாங்களே ஏத்திக்கிட்டு வந்து வாசல்ல குடுக்குறோம்."

"வேண்டாம்! நீங்க யாரும் வர வேண்டாம்!" குரல் கீச்சிட்டது. பிறகு யாரிடமோ போனைப் பொத்திக்கொண்டு பேசுவது கேட்டது. பிறகு திரும்பி வந்தது. "செவ்வாய்க்கிழமை. மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை லாரி வரும். போதுமா?"

லாரி செவ்வாய்க்கிழமை வந்தது. காலியாக வந்தது.